மேலவிளை குடும்பக் குழுவில் பிங் பஞ்சாயத்து

அஜின்: நேற்று ராத்திரி போன் கேமில் கடைசி வட்டம் வரை வந்து செத்தேன். எதிரி கண்முன் நிற்கிறான், நான் சுடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. பிங் 280! அப்பா, இந்த கனெக்‌ஷனை மாற்றாமல் சரிப்படாது.

விஜயன்: போன மாசம்தானே மக்களே நெட் வேகத்தை 100 எம்பிபிஎஸ்ஸில் இருந்து 200 ஆக்கினேன். இனி 300 கேட்பாயா?

தங்கப்பன் மாமா: பிளஸ் டூ பையன் விளையாட்டை நிறுத்தினால் பிங்கும் வராது, ஒரு எளவும் வராது.

சுனிதா: மாமா 👏👏

ஸ்டெல்லா அத்தை: உங்களுக்காவது வயர் இருக்கிறது. களியக்காவிளையில் எங்கள் வீட்டு முன்வாசலில் நின்றால் தமிழ்நாட்டு டவர், கிணற்றடிக்குப் போனால் கேரளா டவர். பேசிக்கொண்டே தண்ணீர் கோர முடியாது.

ஷைனி: டிரெயினில் இருக்கிறேன், பாறசாலை தாண்டியதும் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். சித்தப்பா, 300 எல்லாம் வேண்டாம். ஒரு மணி நேரம் விளையாடினால் பெரும்பாலும் 100 எம்பிகூட ஆகாது. வேகம் வேறு, பிங் வேறு. பிங் என்றால் தகவல் போய்த் திரும்பி வரும் நேரம், மில்லிசெகண்டில் சொல்வது. மார்த்தாண்டம் மேம்பாலத்தை இன்னும் நாலு வரிசை அகலமாக்கினாலும் நாகர்கோவில் தூரம் குறையாதே.

விஜயன்: அப்போ 200 ஆக்கியது தண்டமா?

ஷைனி: பெரிய கேம் இறக்கும்போது தெரியும். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 100 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட், அதனால் நொடிக்கு 12.5 எம்பிதான். 50 ஜிபி கேம் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 200ல் அதில் பாதி. அஜின் தினமுமா கேம் இறக்குகிறான்?

அஜின்: போனில் இடமே இல்லை அக்கா.

தங்கப்பன் மாமா: சர்வர் வெளிநாட்டில் இருந்தால் தாமதமாகத்தானே செய்யும்?

ஷைனி: நல்ல கேள்வி மாமா. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். போய்வர 6,000 என்று வைத்தால் 30 மில்லிசெகண்ட். நம் ஊரிலிருந்து சென்னை வரை உள்ளது, நடுவில் உள்ள கருவிகள் எல்லாம் சேர்த்தாலும் 280க்குக் கணக்கு வராது. அஜின், உன் அறையில் இருந்தே ரவுட்டருக்கு பிங் போட்டுப் பார். அதன் முகவரி பெரும்பாலும் 192.168.1.1

அஜின்: 5, 6, 190, 4, 240, 7, 212

ஷைனி: கேட்டியா சித்தப்பா! ஹாலில் இருக்கிற உங்கள் பெட்டிக்குப் போய்வரவே 240. கேபிள்காரர் என்ன செய்வார் பாவம்? ரவுட்டர் எங்கே இருக்கிறது?

விஜயன்: ஷோகேசுக்குள். தாஜ்மகால் பொம்மைக்குப் பின்னால்.

சுனிதா: வெளியே வைத்தால் ஹாலின் அழகு போய்விடும் என்று உங்கள் சித்தப்பாதான் உள்ளே வைத்தார். பக்கத்தில் இரும்பு பீரோ வேறு.

ஷைனி: 😂 பீரோ, அதற்கு மேல் கான்கிரீட் தளம், அதற்கு மேல் அஜின். போதாக்குறைக்கு அவன் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருப்பான். தெருவில் எல்லா வீட்டு வைஃபையும் புளூடூத்தும் அதில்தான் நெரிசல். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் சுவரையும் தளத்தையும் தாண்டினால் வலு ரொம்பக் குறைந்துவிடும். அதனால் ஹால் ரவுட்டரில் இருந்து மாடிக்கு ஒரு லேன் வயர் இழுத்து, அதன் முனையில் அஜின் அறையில் இன்னொரு வைஃபை பெட்டி வையுங்கள். மாச வாடகையை ஏற்றுவதைவிட ஒரு தடவை இவற்றை வாங்குவது லாபம்.

அஜின்: ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் ரொம்ப மோசமாகிறது அக்கா.

ஷைனி: அந்த நேரத்தில் வீட்டில் யாராவது வீடியோ ஏற்றுகிறார்களா? அப்லோடு நிரம்பி வழிந்தால் பின்னால் வருவதெல்லாம் வரிசையில் நிற்கும்.

விஜயன்: ராத்திரி போனை சார்ஜில் போட்டதும் போட்டோ எல்லாம் தானாகவே மேலே போகும்படி அஜின்தான் வைத்துத் தந்தான்.

சுனிதா: அதில் ரீனா கல்யாண வீடியோ முழுசும் இருக்கிறது 🤣

ஷைனி: அதை விடியற்காலைக்கு மாற்று அஜின்.

தங்கப்பன் மாமா: அதிருக்கட்டும். ஆன்லைன் விளையாட்டையே அரசாங்கம் தடை செய்துவிட்டதே?

அஜின்: அது காசு கட்டி ஆடுவது மாமா. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம். அதற்கு முன்பே நம் மாநிலத்தில் காசு விளையாட்டுக்கு ராத்திரி 12 முதல் காலை 5 வரை தடை இருந்தது. பப்ஜி கதை வேறு. 2020 செப்டம்பரில் தடை. 2021 ஜூலையில் அதுவே பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது. 2022 ஜூலையில் ஆப் கடைகளில் இருந்து எடுத்தார்கள். 2023 மே மாசம் திரும்பி வந்துவிட்டது.

சுனிதா: இதே வேகத்தில் வரலாற்றுப் பாடத்தின் வருஷத்தைச் சொல்லு பார்ப்போம்.

தங்கப்பன் மாமா: 😂😂 மாட்டினான்.

அஜின்: மாமா, நீங்கள் ராத்திரி பதினொன்றரைக்கு லூடோ ஆடுவது எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா?

🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஸ்டெல்லா அத்தை: மாமா என்ன எழுதி அழித்தீர்கள்? நான் பார்த்துவிட்டேன் 🤭

தங்கப்பன் மாமா: லூடோவுக்கு காசு கிடையாது. மகன் துபாயில் இருந்து ஆடுகிறான், கூட ஆடாவிட்டால் கோபப்படுவான். அதை ஏன் கணக்கில் சேர்க்கிறாய்?

விஜயன்: சரி, சரி. ஷைனி, மழை பெய்தால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதே, அதற்கும் ஷோகேசா காரணம்?

ஷைனி: இல்லை சித்தப்பா, அது எல்ஓஎஸ். வெளியில் இருந்து ஒளியே வரவில்லை என்று அர்த்தம். தென்னை மட்டை வயரில் விழுந்திருக்கும், இல்லையென்றால் எங்காவது மடங்கியிருக்கும். அதற்கு மட்டும் கேபிள்காரரைக் கூப்பிடுங்கள். இப்போது மாடிக்கு வயர் எவ்வளவு நீளம் வேண்டும் என்று அளந்து பாருங்கள்.

அஜின்: சுவர் ஓரமாகப் பிடித்தால் 15 மீட்டர் வரும். கேட் 6 ரக லேன் வயர் போதும் அல்லவா?

ஷைனி: தாராளம்.

விஜயன்: மாடித் தளத்தில் துளை போட மெஷின் யாரிடம் இருக்கிறது?

தங்கப்பன் மாமா: என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பைய வருகிறேன், சாயா போட்டு வையுங்கள். ஆனால் எனக்கும் அந்த வைஃபை பாஸ்வேர்டு வேண்டும்.