ஆர்டிஏஐ டைமரைப் பிடித்துக்கொண்டால் லினக்ஸுக்கு டிக் எங்கிருந்து வருகிறது?

கேள்வி
பழைய மில்லிங் மெஷின் ஒன்றை லினக்ஸ்சிஎன்சி என்ற மெஷின் கட்டுப்பாட்டு சாஃப்ட்வேர் போட்டு ஓட்டுகிறேன், ஆர்டிஏஐ கர்னல் (நேரம் தவறக்கூடாத ரியல்டைம் வேலைகளை லினக்ஸுக்கு முந்தி ஓட்டும் சேர்ப்பு). ஒற்றைக் கோர் கம்ப்யூட்டர், டைமர் 8254 என்ற சிப். அதை ஆர்டிஏஐ எடுத்துக்கொண்டபின் லினக்ஸின் கடிகாரம் எப்படிச் சரியாக ஓடுகிறது? அப்புறம், பேஸ் த்ரெட்டுக்கு (மோட்டாருக்கு ஸ்டெப் பல்ஸ் அனுப்பும் வேகமான சுற்று) 25,000 நானோசெகண்ட் இடைவெளி கொடுத்தால் 25,143 என்று காட்டுகிறதே, ஏன் சார்?

பதில்
எளிதானதை முதலில் முடித்துவிடுகிறேன். 8254 நொடிக்கு 11,93,182 முறை துடிக்கும். ஒரு துடிப்பு சுமார் 838 நானோசெகண்ட். 25,000-ஐ அதனால் வகுத்தால் 29.83. கவுண்டரில் முழு எண்ணைத்தான் ஏற்ற முடியும். 30 துடிப்புக்கு 25,143 ஆகிறது. ஸ்டெப் வேகத்தை இந்த எண்ணை வைத்தே கணக்கிடுங்கள்.

இனி கடிகாரம். ஆர்டிஏஐ ஏறியதும் டைமர் இன்டரப்ட் (நேரமாகிவிட்டது என்று சிப் அனுப்பும் சிக்னல்) நேரே லினக்ஸுக்குப் போகாது. ரியல்டைம் ஷெட்யூலர்தான் முதலில் வாங்கும். தன் டாஸ்க்குகளை எழுப்பிவிட்டு, லினக்ஸின் டிக்குக்கு (அதன் கடிகாரத்தை நகர்த்தும் சீரான துடிப்பு) நேரமாகிவிட்டதா என்று பார்க்கும். ஆகியிருந்தால் நிலுவை என்று குறித்துவைக்கும், அவ்வளவுதான். ரியல்டைம் வேலை ஓய்ந்தபிறகே லினக்ஸ் அதைப் பெறும். லினக்ஸ் இன்டரப்ட்டை அணைத்தாலும் அதன் பக்கத்தில் ஒரு அடையாளக் குறிதான் (ஃபிளாக்) மாறும், ஹார்டுவேர் திறந்தே இருக்கும். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். டிக் கொஞ்சம் தாமதமானாலும், கர்னல் ப்ராசஸருக்குள் இருக்கும் டிஎஸ்சி கவுண்டரைப் படித்து விட்டுப்போன நேரத்தைச் சேர்த்துக்கொள்ளும்.

ஒன்ஷாட் மோடுக்கு மாற்றிவிடாதீர்கள். அதில் ஒவ்வொரு முறையும் அடுத்த நேரத்தைச் சிப்பில் எழுத வேண்டும். 8254-இன் ஐஓ போர்ட் மெதுவானது, அதற்கே சில மைக்ரோசெகண்ட் போய்விடும். உங்கள் 25 மைக்ரோசெகண்டில் அது பெரிய பங்கு. ப்ராசஸரிலேயே இருக்கும் லோக்கல் ஏபிஐசி டைமர் இருந்தால் தாராளமாக மாற்றலாம்.

கேட்டவர்
தெளிவாகிவிட்டது, நன்றி சார். ப்ரீஎம்ப்ட் ஆர்டிக்கு (லினக்ஸ் கர்னலையே ரியல்டைம் ஆக்கும் முறை) போனால் இதெல்லாம் மாறுமா?

இன்னொருவர்
அடியோடு மாறும். அங்கே இரண்டாவது ஷெட்யூலர் கிடையாது. டைமர் லினக்ஸிடமே இருக்கும். 2006-இல் 2.6.16 கர்னலில் வந்த எச்ஆர்டைமர் என்ற நுண்ணிய டைமர் ஏற்பாடுதான் வேலை செய்யும். சொந்தமாக புரோகிராம் எழுதினால் த்ரெட்டை ஷெட் ஃபிஃபோ என்ற ரியல்டைம் முன்னுரிமை வகையில் வையுங்கள். சாதாரண த்ரெட்டுக்கு 50 மைக்ரோசெகண்ட் வரை டைமர் தளர்வு (எழுப்புவதைத் தள்ளிப்போடும் சலுகை) உண்டு. 'இவ்வளவு நேரம் தூங்கு' என்று சொல்லாமல், 'இந்த நேரத்துக்கு எழுப்பு' என்று முழு நேரத்தையே கொடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றின் பிசகும் சேர்ந்துகொண்டே போகும்.

முதல் பதிலளித்தவர்
அதோடு ஒன்று: 25 மைக்ரோசெகண்ட் பேஸ் த்ரெட்டை அதில் நம்பாதீர்கள். ஸ்டெப் பல்ஸை மெசா போன்ற, பல்ஸைத் தானே உருவாக்கும் கார்டிடம் விட்டுவிட்டு, நகர்வைக் கணக்கிடும் 1 மில்லிசெகண்ட் சர்வோ த்ரெட்டை மட்டும் ஓட்டுங்கள். மாற்றுமுன் தாமதத்தை அளக்கும் சைக்ளிக்டெஸ்ட்டை, கம்ப்யூட்டருக்கு நல்ல வேலை கொடுத்துக்கொண்டே, ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், அதிகபட்சத்தைப் பாருங்கள்.