இரவு பத்தரைக்கு முடிய வேண்டிய வேலை: ஓய்வை எங்கே வைப்பது?

கல்லடிக்காரன்:

எனக்கு முப்பத்தொரு வயது. மட்டக்களப்பில் வீட்டிலிருந்தபடியே இலண்டன் நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் சோதனை செய்து கொடுக்கிறேன். அவர்களுடைய காலை ஒன்பது மணி கோடையில் எங்களுக்குப் பிற்பகல் ஒன்றரை; ஒக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிய பிறகு இரண்டரை. ஆகவே இந்த மாதங்களில் என் வேலை இரவு பத்தரைக்கு முடிய வேண்டும். ஆனால் பதினொன்றரைக்கு முன் நான் லாப்டொப்பை மூடிய நாட்கள் குறைவு.

காலை நேரம் முழுவதும் என்னுடையதுதானே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அந்தக் காலையில் உயர்தர மாணவர்கள் இருவருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். மிச்ச நேரத்தில் கல்முனைப் பக்கத்து அரிசி ஆலைகளுக்கு ஏற்ற ஒரு கணக்கு மென்பொருளை நானாக எழுதிக்கொண்டிருக்கிறேன். என்றைக்காவது சொந்தமாகத் தொழில் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அறுவடை நெல் வரத் தொடங்குமுன் அதை முடித்து ஓர் ஆலைக்காரரிடம் காட்டிவிட வேண்டும் என்று நாள் குறித்திருக்கிறேன்.

சென்ற ஞாயிறு மாலை மழை விட்டிருந்ததால் மச்சானுடன் கடற்கரைக்குப் போனேன். கச்சான் வாங்கி உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது, சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. விரலில் மணல் ஒட்டியிருக்க, திரையைச் சாரத்தில் துடைத்துத் துடைத்துப் பதில் எழுதினேன். நிமிர்ந்து பார்த்தபோது மச்சான் கச்சானை முடித்துவிட்டு வேறு யாருடனோ கதைத்துக்கொண்டு நின்றான். அந்தப் பதில் திங்கட்கிழமை போயிருந்தாலும் ஒன்றும் கெட்டிருக்காது.

இருபத்தைந்து நிமிட வேலை, ஐந்து நிமிட ஓய்வு என்ற தக்காளிக் கடிகார முறையையும் பாவித்துப் பார்த்தேன். அந்த ஐந்து நிமிடத்தில் மின்னஞ்சல் பார்த்தேன். சும்மா இருக்கும் நேரத்தில் யாரோ என்னை முந்திக்கொண்டு போகிறார்கள் என்ற எண்ணம் விடுவதாக இல்லை. இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

படுவான்கரை வாத்தியார்:

தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். பரம்பரையாக வேளாண்மையும் உண்டு. உங்கள் சங்கடத்தைப் படித்தபோது எனக்கு வட்டைக் காவல்தான், அதாவது வயல்வெளியில் இரவுக் காவல் இருப்பதுதான், நினைவுக்கு வந்தது.

பெரும்போகக் கதிர் முற்றும் இந்தக் காலத்தில், வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் யானை வராத இரவு அபூர்வம். என் இளவயதில் தகப்பனாரும் சிறியதகப்பனும் வாடிக் குடிசையில் காவல் கிடப்பார்கள், நானும் போவேன். நெருப்பு அணையாமல் பார்க்க வேண்டும், இப்போது யானை வெடி கொடுக்கிறார்கள், அப்போது தகரம் தட்டிச் சத்தம் வைக்க வேண்டும். ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க மாட்டார்கள். முன்சாமம் ஒருவர், பின்சாமம் மற்றவர். சிறியதகப்பன் தலையைச் சாய்த்தவுடன் குறட்டை விடுவார். யானை நிற்கும் வட்டைக்குள் எப்படி இவருக்கு இப்படி நித்திரை வருகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். அண்ணன் விழித்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான் காரணம். தகப்பனார் காய்ச்சலில் கிடந்த ஒரு வருடம் சிறியதகப்பன் தனியாகப் போனார். அந்த ஒன்றரை மாதமும் அவர் பகலிலும் சரியாகத் தூங்கவில்லை. யானை அந்த வருடம் எங்கள் வயல் கண்டத்துக்குள் கால் வைக்கவேயில்லை என்பது வேறு கதை.

உங்களிடம் மனக்கட்டுப்பாடு குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. பத்தரைக்குப் பிறகு அந்த வேலையை யார் பார்க்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. ஆகவே நீங்களே பார்க்கிறீர்கள். கடிகாரத்தை மாற்றுவதைவிட, உங்களிடமிருந்து காவலை ஏற்கப் போகும் ஆள் யார் என்று மேலாளரிடம் நேரே கேளுங்கள். ஆள் இல்லையென்றால், காலை வரை காத்திருக்கலாம் என்பதையாவது அவர் எழுத்தில் தரட்டும்.

கல்முனை மனிதவளம்:

கணக்கை மட்டும் சொல்கிறேன். பிற்பகல் இரண்டரை முதல் இரவு பதினொன்றரை வரை ஒன்பது மணித்தியாலம். ஐந்து நாளுக்கு 45. காலையில் மூன்று மணித்தியாலம் என்று ஆறு நாள் வைத்தால் இன்னும் 18. மொத்தம் 63. உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்வோருக்கு, 35 முதல் 40 வரை வேலை செய்வோரைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் 35 வீதம் கூடுதல் என்று கண்டிருக்கிறார்கள். உங்கள் சொந்த மென்பொருள் உங்களுக்கு ஆசையாக இருக்கலாம். உடம்பு அதையும் வேலை என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று. எங்கள் நாட்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டிலேயே நாளுக்கு எட்டு, வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று எல்லை போட்டது. அதற்கு மேலே போனால் மேலதிக நேரக் கொடுப்பனவு. ஆனால் ஒப்பந்தக்காரராகப் பட்டியல் அனுப்பிப் பணம் வாங்குபவரை ஊழியர் என்று அது கருதாது. உங்களுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று பாருங்கள்: உங்கள் பங்கு 8 வீதம், அவர்கள் பங்கு 12 வீதம். அது இல்லையென்றால் வேலை நேரத்தை நீங்கள்தான் ஒப்பந்தத்தில் எழுதுவிக்க வேண்டும். புதுப்பிக்கும் மாதம் வரும்போது சம்பளத்தோடு சேர்த்து இதையும் கதையுங்கள்.

காரைதீவு வாசகி:

வாத்தியார் ஐயா சொன்ன காவல் கதை நன்றாக இருந்தது. ஆனால் ஒரு கேள்வி. வெட்டுக் காலத்தில் வயலுக்குப் போகும் ஆட்களுக்கு விடியுமுன் சோறு சமைத்துக் கட்டிக் கொடுத்தவர்களின் காவலை யார் மாற்றினார்கள்?

கல்லடிக்காரத் தம்பி, உங்கள் பதிவில் வேலை, படிப்பித்தல், மென்பொருள் எல்லாம் இருக்கின்றன. இரவுச் சாப்பாடு எப்படி மேசைக்கு வந்தது என்பது மட்டும் இல்லை. நான் வங்கியில் வேலை செய்கிறேன். மாலை ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தால் இரண்டாவது வேலை தொடங்கும். என் ஓய்வு என்பது நெடுங்காலம், எல்லாரும் படுத்த பிறகு குசினி விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் நிற்கும் ஐந்து நிமிடமாகத்தான் இருந்தது.

சென்ற வருடம் நானும் கணவரும் ஓர் ஒப்பந்தம் செய்தோம். பௌர்ணமிப் போயா விடுமுறை தினத்தில் வங்கி மூடியிருக்கும். அன்று மதியத்துக்குப் பிறகு நான் வீட்டில் ஆள் இல்லாத மாதிரி. முதல் போயாவன்று அவர் மூன்று தரம் அறைக்கு வந்து கொத்தமல்லித் தூள் எங்கே என்று கேட்டார். இரண்டாவது போயாவுக்கு முந்தின நாளே போத்தல்களில் பெயர் எழுதி ஒட்டிவிட்டேன். இப்போது பிள்ளைகளே மற்றவர்களுக்குச் சொல்கிறார்கள், அம்மா இன்றைக்கு லீவு என்று. ஓய்வெடுக்கப் போகிறேன் என்று மனதுக்குள் முடிவு செய்த நாட்களில் எனக்கு ஒருபோதும் ஓய்வு கிடைக்கவில்லை. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த பிறகுதான் கிடைத்தது.

படுவான்கரை வாத்தியார்:

மகள், யாரும் மாற்றவில்லை. அம்மா மூன்று மணிக்கு எழும்புவா. அவ எப்போது படுத்தா என்று நான் பார்த்ததில்லை.

கல்லடிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா கேட்டதற்கு நேர்மையான பதில்: அம்மா எட்டு மணிக்குச் சாப்பாட்டை மேசையில் மூடி வைத்துவிட்டு, நான் சாப்பிட்டேனா என்று பார்க்கப் பதினொன்றரை வரை விழித்திருக்கிறா. இது எனக்குத் தெரிந்தே இருந்தது, எழுதத் தோன்றவில்லை.

நேற்று மேலாளரிடம் கேட்டேன். பத்தரைக்குப் பிறகு வரும் எதையும் இலண்டனில் உள்ளவரே மறுநாளுக்குக் குறித்து வைப்பார், அது முன்பிருந்தே அப்படித்தான் என்று எழுதியிருக்கிறார். இரண்டு வருடமாக நான் கேட்கவில்லை. நான் ஒப்பந்தக்காரன்தான், சேமலாப நிதி கிடையாது. ஏப்ரலில் புதுப்பிக்கும்போது நேரத்தையும் எழுதுவிப்பேன்.

அரிசி ஆலைக்காரருக்கும் அழைத்து, மென்பொருள் இரண்டு வாரம் பிந்தும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் பின்னால் லொறிச் சத்தம் கேட்டது. “எந்த மென்பொருள் தம்பி?” என்றார். நான் விளங்கப்படுத்தியதும், “நெல் வரப்போகிற நேரத்தில் இங்கே யார் அதைப் பார்ப்பது, சித்திரை வருடப் பிறப்பு முடியக் கொண்டு வாருங்கள்” என்று சொல்லி வைத்துவிட்டார்.