தலையில் அடிபட்ட அப்பாவுக்கு சிபிகே நான்கு மடங்கு ஏறிவிட்டது, மூளை மோசமாகிறதா?

வேளச்சேரி_மகன்:
அப்பா பல்லாவரம் பக்கம் ஜிஎஸ்டி ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி, இடது தொடையும் நன்றாக நசுங்கியிருக்கிறது. சிடியில் மூளையில் சின்ன ரத்தக்கட்டு, ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்று ஐசியூவில் வைத்திருக்கிறார்கள். ரத்தத்தில் பார்த்த என்சைம்கள் முதல் நாள்: சிபிகே 420, அதில் இதயத்துக்காகப் பார்க்கும் வகையான சிகே-எம்பி 190, எல்டிஹெச் 520. இதயத்திலும் ஏதோ இருக்கலாம் என்றார்கள், ஆனால் ஈசிஜியும், இதய ரத்த டெஸ்டான ட்ரோபோனினும் நார்மல். இன்று சிபிகே 1650, எம்பி 70. மூளைக்குள் சேதம் கூடுகிறது என்றுதானே அர்த்தம்? டியூட்டி டாக்டர் "பார்த்துக்கிட்டுதான் இருக்கோம்" என்பதோடு சரி. பயமாக இருக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேப்_ராத்திரி_ஷிஃப்ட்:
தம்பி, அந்த 1650 பெரும்பாலும் தொடையிலிருந்து வருவது. தசை நசுங்கினால் சிபிகே ஓரிரு நாள் ஏறித்தான் இறங்கும், ஃபிட்ஸ் வந்திருந்தாலும் ஏறும். எனக்கு உறுத்துவது முதல் நாள் 190தான். மொத்தம் 420இல் கிட்டத்தட்ட பாதி எம்பி என்றால் ஹார்ட் அட்டாக்கில்கூட அப்படி வராது. பல லேப்களில் எம்பியை நேராக அளப்பதில்லை. சிபிகே, அதாவது சிகே, எம், பி என்ற பகுதிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்தது. ரீஏஜென்டில் (டெஸ்ட் ரசாயனத்தில்) உள்ள ஆன்டிபாடி எம் பகுதியை முடக்கிவிடும், மிச்சமிருக்கும் பி-யின் செயல்பாட்டை அளந்து இரண்டால் பெருக்கி எம்பி என்று போட்டுவிடுவோம். மூளையில் இருக்கிற, இரண்டு பகுதியும் பி-யான சிகே-பிபி ரத்தத்தில் இருக்காது என்று நம்பிப் போடுகிற கணக்கு அது. அடிபட்ட மூளையிலிருந்து அது கசிந்தால் எம்பி கணக்கிலேயே, அதுவும் இரட்டிப்பாக, சேர்ந்துவிடும். சீக்கிரமே ரத்தத்தை விட்டுப் போயும்விடும், 190 எழுபதானது அதோடு ஒத்துப்போகிறது. அப்புறம் எல்டிஹெச்: ரிப்போர்ட்டில் எங்காவது 'ஹீமோலைஸ்டு' என்று பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். ஊசியில் இழுக்கும்போது சிவப்பணு உடைந்தாலே எல்டிஹெச் ஏறும்.

வேளச்சேரி_மகன்:
ஆமாம் அண்ணா, கீழே மூலையில் இருக்கிறது! மூளைச் சேதத்துக்குப் பார்க்கும் என்எஸ்ஈ என்று ஒரு ரத்த டெஸ்டை வெளியே கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார் சித்தப்பா. செய்யலாமா?

ஐசியூ_அக்கா:
அலையாதீர்கள் தம்பி. என்எஸ்ஈயும் சிவப்பணுவில் இருக்கிற என்சைம்தான், சாம்பிள் கெட்டால் அதுவும் பொய்யாக ஏறும். 2021 ஐரோப்பிய வழிகாட்டுதலில் அது 60-ஐத் தாண்டினால் மோசம் என்று ஒரு கணக்கு உண்டு, ஆனால் அது இதயம் நின்று மீட்கப்பட்டும் நினைவு திரும்பாதவர்களுக்கு, 48 அல்லது 72 மணி நேரத்தில் பார்ப்பது, அதையும் தனியாக வைத்து முடிவெடுப்பதில்லை. 2018இல் அமெரிக்காவில் அனுமதி வந்த யுசிஹெச்-எல்1, ஜிஎஃப்ஏபி என்ற மூளைப் புரதங்களுக்கான ரத்த டெஸ்ட் லேசான அடிக்கு சிடி தேவையா என்று பார்க்க உதவுவது, உங்களுக்கு சிடியே எடுத்தாகிவிட்டது. நீங்கள் கேட்க வேண்டியது ஜிசிஎஸ் (நினைவு நிலைக்கு 15க்குப் போடும் மார்க்) நேற்று எவ்வளவு இன்று எவ்வளவு, கண்மணி இரண்டும் சமமாக இருக்கிறதா, ரிப்பீட் சிடியில் கட்டு பெரிதாகியிருக்கிறதா, சோடியம் எப்படி. பதின்மூன்றில் இருந்தவர் பதினொன்றுக்கு இறங்கினால் சிபிகே எவ்வளவு அழகாக இருந்தாலும் நாங்கள் ஓடுவோம். சிபிகே இன்னும் பல ஆயிரம் ஏறினால் கவலை கிட்னிக்குத்தான், அதனால் கிரியாட்டினினையும், யூரின் அளவு, நிறம் இரண்டையும் கேட்டு வையுங்கள். சாயங்கால விசிட்டிங் நேரத்தில் யாரும் நின்று பேச மாட்டார்கள், காலை ரவுண்ட்ஸ் முடிந்து வெளியே வரும்போது நியூரோ சர்ஜனையே பிடியுங்கள்.

வேளச்சேரி_மகன்:
பிடித்துவிட்டேன் அக்கா. நேற்று 13, இன்று 14. ரிப்பீட் சிடியில் கட்டு அப்படியேதான் இருக்கிறதாம், கிரியாட்டினினும் நார்மல். அண்ணா சொன்ன எம்பி விஷயத்தைச் சொன்னேன், அடுத்த சாம்பிளில் ட்ரோபோனினை மட்டும் பார்த்தால் போதும் என்றார். உங்கள் இருவருக்கும் ரொம்ப நன்றி.