தங்கைக்கு டிபி: "ஆறு மாசம் கழித்து வரட்டும்" என்கிறார் மாமியார்

வைகைக்கரை:
தங்கைக்கு நுரையீரல் காசநோய். சளிப் பரிசோதனையில் உறுதியாகி, அரசு மருத்துவமனை மாத்திரை இரண்டு மாதம் முடிந்துவிட்டது. மறுபடி எடுத்த சளியில் கிருமி இல்லை. ஆனாலும் கோர்ஸ் முழுதாக முடிந்த பிறகு வரட்டும் என்று மாமியார் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார். அவளுடைய தட்டு, டம்ளர், பாய் எல்லாம் சாக்கில் கட்டிக் கூடவே வந்தன. ஒன்றரை வயதுப் பையனை மட்டும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. பிறந்த வீட்டிலிருந்து கொண்டு வந்த சீக்கு என்று அங்கே தெருவில் பேச்சு. எங்கள் வீட்டில் யாருக்கும் இருமல்கூடக் கிடையாது. அங்கே மாமனார்தான் ராத்திரியெல்லாம் இருமுவார், அது பீடி இருமலாம். பையன் அவளிடம் இருக்கலாமா? மாமியாரிடம் எப்படிப் பேசுவது?

பழைய பார்வையாளர்:
தம்பி, காசநோய்ப் பிரிவில் சுகாதாரப் பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாமனார் இருமலைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் அதுதான் கண்ணில் பட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், பீடி குடிப்பவரோ இல்லையோ, சளியும் எக்ஸ்ரேயும் பார்த்தே ஆகவேண்டும். அவரிடமிருந்துதான் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே வீட்டில் படுக்கிற பையனுக்கு அது தெரிந்தாக வேண்டும். ஐந்து வயதுக்குள் இருப்பதால், நோய் இல்லை என்று பார்த்த பிறகு அவனுக்குத் தடுப்பு மாத்திரையும் தருவார்கள்.

உங்கள் தங்கை விஷயம் வேறு. இது காற்றில் பரவுவது. தட்டிலும் பாயிலும் ஒட்டிக்கொண்டு வராது. அவளால் மற்றவர்களுக்கு ஆபத்து இருந்தது கண்டுபிடிப்பதற்கு முந்தைய நாட்களில். அப்போது எல்லோருக்கும் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்திருப்பாள், யாரும் தட்டைப் பிரிக்கவில்லை. சளி சுத்தமான பிறகு சாக்கு கட்டுகிறார்கள்! பையன் தாராளமாக அவளிடம் இருக்கலாம், தாய்ப்பாலும் கொடுக்கலாம்.

இந்தச் சந்தேகத்தைச் சென்னையிலேயே தீர்த்து வைத்தாயிற்று. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மையம், 193 நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையில் வைத்தும், மற்றவர்களை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலேயே விட்டும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. 1959-ல் முடிவு வெளியானது: குணமானதில் பெரிய வித்தியாசமில்லை, கூட இருந்த குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. அதன் பிறகுதான் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடும் முறை உலகம் முழுக்கப் பரவியது.

நான் பார்த்தவரை, புருஷனுக்கு வந்தால் முட்டையும் பாலும் தேடி வரும். மருமகளுக்கு வந்தால் பஸ் டிக்கெட்தான்.

கொங்குவாசி:
ஐயா, மாமியாரை வில்லியாக்க வேண்டாம். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, பயம் வரத்தானே செய்யும்?

பழைய பார்வையாளர்:
பயத்தை நான் குறை சொல்லவில்லை. பயந்தவர் மாமனாரை அல்லவா முதலில் அழைத்துப் போயிருக்க வேண்டும்?

செவ்வந்தி:
எனக்கும் வந்து போனது. ஆபீஸில் நிமோனியா என்று சொல்லித்தான் சமாளித்தேன். ஆறு மாத மாத்திரையில் மூத்திரம் ஆரஞ்சு நிறமாகப் போகும். அது மருந்தின் நிறம், ரத்தம் இல்லை என்று அவளிடம் சொல்லி வையுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை, பயந்தே போனேன். கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், இந்த மருந்து அதன் வேலையைக் குறைத்துவிடும். அப்புறம், காசநோயாளிகளின் சத்துணவுக்கு அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்ததை 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கியிருக்கிறார்கள். அந்தப் பணம் யார் கணக்கில் விழுகிறது என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு அது புருஷன் கணக்கில் போய்க்கொண்டிருந்தது.

மாமியாரிடம் நீங்கள் பேசிப் பிரயோஜனமில்லை, பெண் வீட்டார் பேச்சு எடுபடாது. மாப்பிள்ளையை அடுத்த செக்கப்புக்கு வரவழைத்து டாக்டர் முன்னால் உட்கார வையுங்கள்.

வைகைக்கரை:
பணம் மாப்பிள்ளை கணக்குக்குத்தான் போகிறதாம், இப்போதுதான் கேட்டேன். கணக்கை மாற்ற எங்கே போகவேண்டும்?

பழைய பார்வையாளர்:
அவள் மாத்திரை வாங்குகிற இடத்திலேயே சிகிச்சை மேற்பார்வையாளரைக் கேளுங்கள். அவள் பெயரில் உள்ள பாஸ்புக்கும் ஆதாரும் கையில் இருக்கட்டும். மாமனார் பெயரையும் அவரிடமே சொல்லிவிடுங்கள். கூட வசிப்பவர்களைப் பரிசோதிப்பது அவர்கள் வேலைதான், நீங்கள் சண்டை போட்டு அழைத்துப் போக வேண்டியதில்லை.