வேப்பெண்ணெய் சோப்பில் ஆரஞ்சுப் புள்ளிகள், கட்டியும் இறுகவில்லை

வித்துக்கூடை:
வணக்கம். குளிர்முறை (அடுப்பில் கொதிக்க விடாமல் செய்யும்) சோப்பு. தேங்காய் எண்ணெய் 250 கிராம், வேப்பெண்ணெய் 250, சூரியகாந்தி 400, விளக்கெண்ணெய் 100. காஸ்டிக் சோடா 130, தண்ணீர் 380. ஆறு வாரம் இரும்பு வலைத்தட்டில் உலர்ந்தும் அழுத்தினால் குழிகிறது. இப்போது ஆரஞ்சுப் புள்ளிகளும் சிக்கு வாடையும். மருந்துக் குணம் கூட, அடுத்த முறை வேப்பெண்ணெயைப் பாதியளவுக்கு ஏற்றலாமா? பாத வெடிப்புக்கு ஒரு களிம்பும் செய்ய வேண்டும். அளவு சொல்லுங்கள்.

சவுக்காரக்கட்டி:
முதலில் சோடாக் கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் எண்ணெய் சோப்பாக மாற, தேங்காய்க்கு 0.183 கிராம் சோடா வேண்டும், வேம்புக்கு 0.139, சூரியகாந்திக்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128. உங்கள் அளவுகளோடு பெருக்கிக் கூட்டினால் 146.9 கிராம். போட்டதோ 130. ஆக 11.5 சதவீத எண்ணெய் மாறாமலே நிற்கிறது. மூடி திறந்தே கிடந்த சோடா என்றால் ஈரம் குடித்து வீரியம் குறைந்திருக்கும், மிச்சம் இன்னும் கூடும். தோலுக்கு இதமாக 5 சதவீதம் மிஞ்சினால் போதும்.

மிஞ்சியதில் பெரும்பங்கு சூரியகாந்தி. லினோலிக் அமிலம் மிகுந்த எண்ணெய் காற்றுப் பட்டால் சீக்கிரம் காறிவிடும். இரும்பும் செம்பும் அதை இன்னும் விரைவுபடுத்தும். புள்ளிகளும் சிக்கு வாடையும் அதனால்தான். அந்தக் கட்டிகளை உருக்கி மறுபடி வார்க்க வேண்டாம், காறல் திரும்பாது.

சூரியகாந்திக்குப் பதில் இலுப்பை எண்ணெய் வையுங்கள். அதிலுள்ள ஸ்டியரிக், பால்மிட்டிக் அமிலங்கள் கட்டியை இறுக்கும். தேங்காய் 300, இலுப்பை 400, வேம்பு 200, விளக்கெண்ணெய் 100, சோடா 142, தண்ணீர் 285. (இலுப்பையின் அளவை 0.136 என்று கொண்டேன். எண்ணெய்க்கு எண்ணெய் சற்று மாறும், அந்த 5 சதவீதம் அதையும் தாங்கும்.) தண்ணீரில் முதலில் 10 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, அதற்கு ஈடாக சோடாவை 6.2 கிராம் கூட்டினால், உலோகத் துகள்களைப் பிடித்துக்கொள்ளும் சிட்ரேட் கிடைக்கும். புள்ளிக்கு இதைவிட மலிவான காப்பு இல்லை.

சோடாவைத் தண்ணீரில்தான் போட வேண்டும், தண்ணீரை சோடாவில் ஊற்றவே கூடாது. அலுமினியப் பாத்திரம் வேண்டாம். அரித்து ஹைட்ரஜன் வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்குக் கையுறை கட்டாயம். மேலே தெறித்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், வினிகர் தேய்க்காதீர்கள். எண்ணெயும் கரைசலும் 40–45 டிகிரிக்கு வந்ததும் கலக்கி, மேலே கோடு விழுந்து நிற்கும் பதத்தில் அச்சில் ஊற்றுங்கள். மறுநாள் அறுத்து, மரத்தட்டிலோ பிளாஸ்டிக் தட்டிலோ நான்கு முதல் ஆறு வாரம்.

பசுந்தழை:
வேப்பெண்ணெயைப் பாதிக்கு ஏற்றுவதால் மருந்து கூடாது. சோடா அதன் கொழுப்பைச் சோப்பாக்கிவிடும், வேம்பின் முக்கியச் சத்தான அசாடிராக்டின் காரத்தில் சிதையும். எஞ்சுவது கொஞ்சம், அதுவும் நிமிடத்தில் கழுவிப் போகிறது. நுரை குறைந்து வாடை ஏறுவதுதான் கண்ட பலன். 15–20 சதவீதத்தில் நிறுத்துங்கள். மருந்துக்காக என்றால் உடம்பில் தங்கும் களிம்பில் சேருங்கள். பிறருக்குக் கொடுக்கும் சோப்பில் "சிரங்கு தீரும்" என்று எழுதவே எழுதாதீர்கள். நம்பி வைத்தியம் தள்ளிப்போடுபவர்கள் உண்டு.

எலுமிச்சைச்சாறு விட்டு பிஹெச்-ஐ (அமில, கார அளவை) 5.5க்கு இறக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். முடியாது. சோப்பு 9–10ல்தான் சோப்பாக இருக்கும், அதற்கு வெகுவாகக் கீழே போனால் கொழுப்பமிலமாகப் பிரிந்துவிடும்.

மெழுகுப்பதம்:
களிம்பு 100 கிராமுக்கு: நல்லெண்ணெய் 65, தேன்மெழுகு 20, புன்னை எண்ணெய் 10, வேப்பெண்ணெய் 5. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து மெழுகையும் நல்லெண்ணெயையும் உருக்கி இறக்குங்கள். ஓரம் வெளுக்கும் முன் மற்ற இரண்டையும் விட்டு, உடனே டப்பாவில் ஊற்றுங்கள். இளகலாக வேண்டுமானால் மெழுகு 15, நல்லெண்ணெய் 70.

இதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேரக்கூடாது. கற்றாழைச்சாறு சேர்த்த நொடியில் அது க்ரீம் ஆகிவிடுகிறது, கிருமித்தடுப்பான் இல்லாமல் பூஞ்சை பிடிக்கும். வைட்டமின் ஈ காறலைத்தான் தள்ளிப்போடும், கிருமியைத் தடுக்காது. புன்னையின் பிசின் சிலருக்கு அரிப்பு தரும். முன்கையின் உட்புறம் தடவி இரண்டு நாள் பாருங்கள். ரத்தம் கசியும் வெடிப்பில் வேண்டாம், கைக்குழந்தைகளுக்கும் வேண்டாம்.

வித்துக்கூடை:
நன்றி. வேப்பெண்ணெய் பழசா என்று எப்படித் தெரியும்?

சவுக்காரக்கட்டி:
நல்ல எண்ணெயில் பூண்டு போன்ற நெடி தூக்கும். அந்த நெடி மங்கி பெயின்ட் வாடை வந்தால் காறத் தொடங்கிவிட்டது. பழைய எண்ணெயில் கொழுப்பமிலம் தனியே பிரிந்திருப்பதால், கரைசல் பட்டதும் திடீரென்று இறுகி அச்சுக்கு ஊற்ற முடியாமல் போகும். நீங்களே ஆட்டுவதானால் பருப்பை உடைத்துப் பாருங்கள்: பச்சை நிறம் நல்லது, கறுத்ததையும் பூஞ்சை பட்டதையும் பொறுக்கி எறியுங்கள். ஆட்டிய எண்ணெயை ஒரு வாரம் தெளியவிட்டு மேலாக வடித்து, நிரம்பிய கறுப்புப் புட்டியில் வையுங்கள்.