ஸ்டேஜ் மனேஜர்: 'ஏட்டாளர்' என்று சொல்லலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

நாடக வேலைகளுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில், ஸ்டேஜ் மனேஜருக்கு 'மேடை மேலாளர்' போதும் என்று கோவை அண்ணா எழுதியிருந்தார். இலங்கையில் 'மேடை முகாமையாளர்' என்றே வழங்குகிறது என்றார் யாழ்ப்பாணத்து அக்கா. எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. திருகோணமலையில் ஒரு மாணவர் நாடகக் குழுவுக்கு இரண்டு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன். இதில் மேடை வருவது கடைசியில்தான்.

ஓடிஷன் நாளிலேயே வேலை தொடங்கிவிடும். வந்தவர்களை வரிசைப்படி கூப்பிட வேண்டும், எல்லோருக்கும் ஒரே வசனத்தாள் போக வேண்டும். 'அந்த உயரமான பிள்ளை' என்று மட்டும் நெறியாளர் (இயக்குநர்) நினைவில் வைத்திருப்பவரின் பெயர் என் தாளில் இருக்க வேண்டும். (ஓடிஷனுக்குக் 'குரல் தேர்வு' வேண்டாம், அது வானொலிக்குரியது. தேர்வு என்றால் தமிழ்நாட்டில் பரீட்சையும் ஆகிவிடும். 'பாத்திரத் தெரிவு' என்பேன்.)

பிறகு ஒத்திகை. மூதூர், கிண்ணியாப் பிள்ளைகளின் கடைசி பஸ்ஸைப் பார்த்து நேரசூசி போடுகிறேன். கதவும் கட்டிலும் எங்கே வரும் என்று நிலத்தில் டேப் ஒட்டுகிறேன். வசனம் மறந்தவருக்கு அடியெடுத்துக் கொடுக்கிறேன். இவ்வளவுக்கும் ஆதாரம் ஒரு கோப்பு. ஒரு பக்கம் வசனம், எதிர்ப்பக்கம் வெற்றுத்தாள். யார் எந்தச் சொல்லில் எழும்புகிறார், எந்தப் பக்கம் நடக்கிறார் என்பதைப் பென்சிலால் குறிக்கிறோம். நாளைக்கே மாறும் என்பதால் பேனா தொடுவதில்லை. எந்தச் சொல் முடியும்போது எந்த விளக்கு அணைய வேண்டும் என்பதும் அதில்தான். நான் காய்ச்சலில் படுத்தாலும் அதைக் கையில் எடுத்து இன்னொருவர் நாடகத்தை நடத்திவிட வேண்டும். அரங்கேறியபின் நெறியாளர் பார்வையாளரோடு போய் உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு இரவும் நாடகம் அந்தக் கோப்பிலிருந்துதான் நடக்கும்.

இந்த இடம் நம்மிடம் காலியாக இருந்ததில்லை. மட்டக்களப்புக் கூத்தில் ஏட்டண்ணாவியார் இருக்கிறார். கூத்தின் எழுத்து அவர் பொறுப்பு. ஆகவே கோப்புக்கு 'ஏடு', அதை வைத்து நாடகத்தை நடத்துபவருக்கு 'ஏட்டாளர்' என்று முன்மொழிகிறேன். நெறியாளர், ஏட்டாளர் என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், ஒன்றாகவே பிறந்த சொற்கள் போல இருக்கின்றன. பெண் செய்தாலும் ஆண் செய்தாலும் சொல் மாறாது.

தமிழ்நாட்டில் ஏட்டு என்றால் தலைமைக் காவலர் அல்லவா என்று கேட்பீர்கள். 'ஆளர்' சேர்ந்ததும் அந்த மயக்கம் தீர்ந்துவிடுகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எங்கள் ஏட்டில் எழுதாத விளக்கு மேடையில் எரிவதே இல்லை.

முழு ரன்-த்ரூவுக்கும் சொல் தேட வேண்டியதில்லை. சட்டம் கொடுத்து (ஆடுவோருக்கு அவரவர் வரிகளை எழுதிக் கொடுத்து), கிழமைக்கூத்து (வாராந்த ஒத்திகை) நடத்தி, அரங்கேற்றத்துக்கு முன் முழுவதையும் ஆடிப் பார்ப்பதை மட்டக்களப்புக் கூத்தில் 'அடுக்குப் பார்த்தல்' என்கிறார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்வோம்.

கியூவில்தான், அதாவது விளக்கையோ திரையையோ இயக்கச் சொல்லும் குறிப்பில்தான், நான் தடுமாறுகிறேன். கூத்து ஆடும் வட்டக்களரியில் (வட்டமான ஆடுகளத்தில்) மத்தளமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்தைப் படச்சட்ட மேடைக்கு (ஒரு பக்கம் மட்டும் பார்வையாளரை நோக்கித் திறந்த மேடைக்கு) கொண்டுவந்தார். அத்தகைய மேடையில் திரையும் மின்விளக்கும் மத்தளத்தைக் கேட்டு இயங்குவதில்லை, ஒருவர் சொல்ல வேண்டும். முன்னறிவிப்புக்கு 'ஆயத்தம்' என்கிறோம், அது பொருந்திவிட்டது. செயலுக்கான சொல்லாகச் சென்ற முறை 'சரி' வைத்திருந்தோம். விளக்குக்காரர் ஏதோ கேட்டார். 'சரி, பிறகு பார்ப்போம்' என்றேன். தாய் மகனைத் தேடும் காட்சியின் நடுவே மேடை இருண்டுவிட்டது. அந்தப் பிள்ளை இருட்டிலேயே வசனத்தைத் தொடர்ந்தாள். பிழை என்னுடையது.

எனவே வேறெந்தப் பேச்சிலும் தற்செயலாக வாயில் வராத சொல்லாக இருக்க வேண்டும், இரண்டு அசைக்கு மேல் போகக்கூடாது. 'போ' என்று வயதில் மூத்த விளக்குக்காரரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. மத்தளத்தை நினைத்து 'தட்டு' என்று யோசித்திருக்கிறேன். 'விளக்கு 12, ஆயத்தம்... தட்டு.' இதைவிடப் பொருத்தமானது இருந்தால் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை மாலை அடுக்குப் பார்க்கிறோம், அன்றே சொல்லிப் பார்த்துவிடுவேன்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து ஓர் ஏட்டாளர்