டில்லரிங்: தூர்கட்டுதலா, வணக்கலா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். இந்தச் சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். கீழே மறுபடியும் தேவைப்படும்.

மரபுவில் (பழைய முறையில் கையால் செய்யும் வில்) செய்முறைக் கையேட்டின் தமிழாக்க வரைவு நேற்றுதான் கைக்கு வந்தது. டில்லரிங் என்பது வில் சரியாக வளையும்வரை அதை இழுத்துப் பார்த்து, விறைத்த இடத்தைச் சுரண்டும் வேலை. மூன்றாம் இயலில் அதைப் பற்றி ஒரு வரி: “பட்டையைச் சீவியபின் வில்லைத் தூர்கட்ட விட வேண்டும்.” எங்கள் பென்னாகரத்துப் பக்கம் கேழ்வரகு தூர் கட்டும், நெல் தூர் கட்டும்; ஒரு நாற்றின் அடியிலிருந்து பல தண்டுகள் கிளைக்கும். வில்லும் தூர் கட்டுமானால் ஒன்றை நட்டு ஐந்தாக அறுத்துக்கொள்ளலாம். எனக்கும் வேலை மிச்சம்.

மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல மாட்டேன். டில்லரிங் என்று அகராதியில் தேடினால் முதலில் கண்ணில் படுவது பயிர்ப்பொருள்தான். ஆங்கிலத்தில் இவை எழுத்தில் ஒன்று, வேரில் வேறு. பயிருக்குரிய டில்லர், தளிரைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. வில்காரர்களின் டில்லர் பிரெஞ்சு வழியாக வந்தது. அங்கே அதற்குத் தறியின் படமரம் என்று பொருள். பிறகு குறுக்குவில்லின் தண்டுக்குப் பெயராகி, வில்லை ஏற்றி இழுத்துப் பார்க்கும் கட்டைக்கும் அந்த வேலைக்கும் ஆகிவந்தது. ஆகவே மூலச்சொல்லை உடைத்துப் பார்த்து நமக்குப் பயன் ஒன்றும் இல்லை. வேலையைப் பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும்.

வேலை இதுதான். கடையில் வாங்கிய கல்மூங்கிலைப் பிளந்து ஆளுயரப் பட்டை எடுக்கிறேன். காட்டில் வெட்டியது அல்ல; நம் மலைக்காடுகளில் பெரும்பகுதி 2014-லிருந்து காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம். வேட்டைக்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்காது. இந்த வில் வைக்கோல் இலக்கை எய்வதற்கு. கையேட்டின் தலைப்பில் இருந்த ‘வேட்டைவில்’ ‘மரபுவில்’ ஆனதும் அதனால்தான். பட்டையின் வெளித்தோலைத் தொடுவதில்லை. உட்புறத்தை மட்டும் சீவி, நுனிகளில் குதை (நாண் மாட்டும் பள்ளம்) வெட்டி, மருள் செடியின் நாரில் முறுக்கிய நாணைத் தொய்வாகக் கட்டுகிறேன்.

வில்வேலை இங்கேதான் தொடங்குகிறது. வீட்டுச் சுவரில் ஒரு முளை, நேர் கீழே தரையோரம் ஒரு கப்பி. வில்லின் பிடியை முளையில் அமர்த்தி, நாணில் கட்டிய கயிற்றைக் கப்பி வழியாக விட்டு, நான்கடி தள்ளி நின்று இழுப்பேன். சுவரில் குறுக்காகக் கரிக்கோடுகள். வில்லின் இரண்டு கைகளும் (பிடிக்கு மேலும் கீழும் உள்ள பகுதிகள்) அந்தக் கோடுகளை எங்கே தொடுகின்றன என்று பார்க்க வேண்டும். விறைப்பாக நிற்கும் இடத்தில் கரியால் குறியிட்டு, இறக்கி, கண்ணாடிச் சில்லால் நாலு முறை சுரண்டுவேன். முடி போன்ற சுருள்கள் விழும். மறுபடி ஏற்றி, இருபது முப்பது தடவை மெதுவாக இழுத்து விட்டு, மறுபடி பார்ப்பேன். இப்படியே ஒரு பகல் போய்விடும். அதிகம் வளையும் இடத்தை மறந்தும் தொடக்கூடாது. வளையாத இடத்தைத்தான் இளைக்க வைக்க வேண்டும்.

என் முதல் வில்லில் இதைத் தலைகீழாகச் செய்தேன். பிடிக்கு ஒரு சாண் மேலே ஒரு கணு. கணு என்றால் தடிப்பு, தடிப்பு என்றால் விறைப்பு என்று நானாக முடிவு கட்டி, சுவரில் ஏற்றிப் பார்க்காமல் மடியில் வைத்தே சுரண்டிக்கொண்டிருந்தேன். ஏற்றியபோது மேல்கை முழுவதும் அந்த ஒரே இடத்தில் மடிந்தது. இன்னும் இரண்டு விரற்கடை இழுத்தால் சரியாகிவிடும் என்று இழுத்தேன். உமியை மிதித்தது போல் ஒரு சத்தம். அடுத்த இழுப்பில் பட்டை இரண்டாயிற்று. நுனி பறந்துபோய்த் தண்ணீர்ப்பானையை உடைத்தது. வீட்டில் பானைக்காகத்தான் வருந்தினார்கள்.

இனி டில்லரிங்குக்குத் தமிழ்ச் சொல்லாக நேற்று வந்த பரிந்துரைகள்.

சேலத்து நண்பர் சொன்னது ‘வில்லிழைப்பு’. கண்ணாடிச் சில்லு செய்வது இழைப்புதான், ஆனால் வேலையில் அது சிறு பங்கு. வளைவுக்குத் தரும் எதிர்ப்பு அகலத்தைப் பொறுத்து நேர்விகிதத்தில் மாறும். தடிப்பைப் பொறுத்தோ அதன் மும்மடியில் மாறும். பத்து மில்லிமீட்டர்ப் பட்டையில் ஒரு மில்லிமீட்டர் போனால் அந்த இடத்தின் விறைப்பில் நூற்றுக்கு இருபத்தேழு போய்விடும். கை கொஞ்சம், கண் நிறைய. இழைப்பு என்று பெயர் வைத்தால் பிள்ளைகள் இழைத்துத் தள்ளிவிடுவார்கள்.

கோவைப் பொறியாளர் சொன்னது ‘சமநெகிழ்த்தல்’. ஓசை நன்றாக இருக்கிறது, பொருள்தான் பொய். இரண்டு கையும் சமமாக இருப்பதில்லை. அம்பு பிடிக்கு மேலாகப் போவதால், மரபுவில்லில் கீழ்கையை மேல்கையைவிட ஒரு பொடி விறைப்பாகவே விடுவார்கள். ஒரே கைக்குள்ளும் பிடியை ஒட்டி எவ்வளவு, நுனியில் எவ்வளவு என்பது வில்லுக்கு வில் வேறு. ‘சம’ என்ற முன்னொட்டை நம்பிச் செய்தவன் கெட்டான்.

நான் முன்வைப்பது ‘வணக்கல்’. வணங்கு என்றால் தான் வளைதல், வணக்கு என்றால் பிறிதொன்றை வளையச் செய்தல். ஆக்கிய சொல் அல்ல, இருப்பதை எடுத்துக்கொடுக்கிறேன். குறள் 827-ஐப் பாருங்கள்: “சொல்வணக்கம் ஒன்னார்கண் கொள்ளற்க வில்வணக்கம் தீங்கு குறித்தமை யான்.” பகைவன் பணிவாகப் பேசினால் நம்பாதே, வில்லும் வளைவது தீங்கு செய்யத்தானே என்கிறார். வில்லின் வளைவுக்கு வள்ளுவர் வைத்த பெயரே வில்வணக்கம். ‘வளைத்தல்’ என்றால் கம்பியையும் வளைக்கலாம், ஆளையும் வளைக்கலாம். வணக்கலில் ஓர் இணக்கம் இருக்கிறது. மரம் தானாக இறங்கி வருகிறது.

ஒரு கலைச்சொல்லுக்குப் பிள்ளை பிறக்குமா என்று பார்ப்பது என் வழக்கம். இதற்குப் பிறக்கிறது. குழிவெட்டு வரிசையுள்ள இழுப்புக்கட்டை வணக்குகோல். தொய்வான நீள நாண் வணக்குகயிறு. கப்பி மாட்டிய சுவர் வணக்குசுவர். பிடிவாதமாக நிமிர்ந்தே நிற்கும் பக்கம் வணங்காக் கை. வணங்காமுடியைத் தெரிந்த ஊரில் இதற்கு விளக்கக் குறிப்பு வேண்டாம்.

அன்புடன்,
பென்னாகரத்தான்

மறுமொழி, ஓசூரிலிருந்து

ஐயா, வணக்கம். பாருங்கள், இப்படித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் வில் சொல்லித் தருகிறேன். “இன்று வில்லுக்கு வணக்கல்” என்றால் இருபது பேரும் கைகூப்பி நிற்பார்கள். குறளில் இருப்பது சரிதான். அந்தச் சொல் இப்போது வேறு வேலைக்குப் போய்விட்டது.

எங்கள் தாத்தா கன்றை ஏருக்குக் கொண்டுவரும்போது ‘பழக்குவது’ என்பார். முதல் நாளே நுகத்தை வைத்து முழு உழவு உழ மாட்டார். வெறும் நுகம், பிறகு சின்னக் கட்டை, பிறகு ஏர். மூங்கிலுக்கும் நீங்கள் அதையேதானே செய்கிறீர்கள்? ஒரு சாண் இழுத்து, விட்டு, சுரண்டி, ஒன்றரைச் சாண். ‘பழக்கல்’ என்று வைத்தால் அவசரப்பட்டு இழுக்கக்கூடாது என்பதும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடும். உங்கள் பானையும் பிழைத்திருக்கும்.

மறுமொழி, கிருஷ்ணகிரியிலிருந்து

இருவருக்கும் வணக்கம். முதன்மைச் சொல்லில் நான் தலையிடவில்லை. வரைவில் வில்லின் ‘முதுகு’, ‘வயிறு’ என்று நேரடியாகப் பெயர்த்திருப்பது உறுத்துகிறது. எய்பவனைப் பார்த்த பக்கம் வயிறு, இலக்கைப் பார்த்த பக்கம் முதுகு என்று படம் போட்டு விளக்க வேண்டியிருக்கிறது. புறணி (வெளித்தோல்), அகணி (உட்பக்கம்) என்று நம்மிடமே இருக்கின்றனவே! மூங்கில் வில்லுக்கு அட்சரம் பிசகாமல் பொருந்தும்: புறணியைத் தொடாதே, அகணியைச் சுரண்டு. புறணி பேசுவது வேறு என்பது எல்லோருக்கும் தெரியும்.

மறுமொழி, பென்னாகரத்திலிருந்து

ஓசூர் அம்மாவுக்கு: கன்று உவமையைப் படித்துவிட்டு என் சொல்லைக் கைவிட்டுவிடலாமா என்று அரைமணி நேரம் யோசித்தேன். ஒரே ஓர் எழுத்து தடுக்கிறது. ‘வில் பழகுதல்’ என்றால் எய்யக் கற்பது. அது வழக்கில் ஊறிப்போனது. ‘வில் பழக்குதல்’ என்று கையேட்டில் அச்சிட்டு, அச்சுக்கோப்பவர் ஒரு க்-ஐ விழுங்கிவிட்டால், வில் முடியும் முன்பே பையன் எய்யப் போய்விடுவான். பாதி செய்த வில்லை முழுக்க இழுத்தால் என்ன ஆகும் என்று என் வீட்டில் கேளுங்கள்.

ஆனால் நீங்கள் காட்டிய இடம் உண்மையிலேயே வெறுமையாக இருக்கிறது. சுரண்டலுக்கும் அடுத்த பார்வைக்கும் நடுவே இருபது முப்பது தடவை இழுத்து விடுவதற்கு நான் பெயரே வைக்கவில்லை. அது பழக்கல். முழு வேலை வணக்கல், அதற்குள் ஒரு படி பழக்கல். “பழக்காமல் அளக்காதே” என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், நாக்கில் நிற்கும். கைகூப்புவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை; முதல் நாள் சிரிப்பார்கள், இரண்டாம் நாள் சொல் ஒட்டிக்கொள்ளும்.

கிருஷ்ணகிரி நண்பருக்கு: புறணி, அகணி இரண்டையும் மூங்கில் இயலில் அப்படியே எடுத்துக்கொண்டேன். மர வில்லில் மட்டும் சிக்கல். அங்கே மரப்பட்டையை உரித்துவிட்டு அதற்குக் கீழுள்ள ஓர் ஆண்டு வளையத்தை வெளிப்பக்கமாக வைக்கிறோம். அதைப் புறணி என்றால் உரித்த பட்டை என்று எண்ணிக்கொள்வார்கள். அந்த இயலில் வெளிமுகம், உள்முகம் என்று போட்டிருக்கிறேன். அழகில்லை, ஆனால் தவறாகாது.

மூன்றாம் இயலின் அந்த வரி இப்போது இப்படி இருக்கிறது: “பட்டையைச் சீவியபின் வில்லை வணக்குசுவரில் ஏற்றி, வணங்காத இடங்களைக் குறித்து, அகணியைச் சுரண்டி, பழக்கிப் பார்க்க வேண்டும்.” தூர் போய்விட்டது.

ஒன்று மீதி. நாணை இறக்கிய பிறகும் வில் முழுக்க நிமிராமல் கொஞ்சம் வளைந்தே நிற்குமே, ஆங்கிலத்தில் செட் என்கிறார்களே, அதற்குக் ‘கூனல்’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். மறுப்பு உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று வரைவு அச்சுக்குப் போகிறது.